கடைசி ஆள் இறங்கும்வரை

பார்சிலோனா

கறுப்புத் துணிச் சுருளின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண்மணி நாலைந்து மீட்டர் தள்ளிப் போய் நின்றார். மறுநுனியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் இழு என்று கையால் காட்டினார். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். அவர் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டே என்னை நோக்கி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் துணி இடுப்பில் இறுகியது. கடைசிச் சுற்றில் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, நுனியைச் செருகிக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நல்லாப் பிடிச்சீங்களாம்மா. பழகின கை மாதிரி இருக்குன்னு சொல்றாங்க" என்றான் மகன்.

துணிதான் புதிது. ஒருவர் பாரத்தை இன்னொருவர் தாங்குவது எனக்குப் பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் பி.டி. டீச்சராக இருந்தேன். குடியரசு தினத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகளை வைத்துப் பிரமிடு கட்டுவது என் பொறுப்பு. இரண்டு பேர் சேர்ந்து நிற்கிற நிலைகளிலிருந்து ஆரம்பிப்பேன். முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்து எழுவது. மணிக்கட்டை மணிக்கட்டால் கோத்துக்கொண்டு எதிரெதிரே பின்சாய்வது. பிறகு, ஒருத்தி மேசைபோலக் கையும் முட்டியும் ஊன்றி நிற்க, இன்னொருத்தி அவள்மேல் ஏறுவது. மேசையாக நிற்பவளுக்குக் கை தோளுக்கு நேர் கீழே, முட்டி இடுப்புக்கு நேர் கீழே இருக்கவேண்டும். ஏறுகிறவள் இடுப்பெலும்பிலோ தோள்பட்டையிலோதான் பாரத்தை இறக்கலாம். நடு முதுகில் பாதம் படவே கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்வேன். ஆனால் வேலையில் கடைசி ஒன்பது வருடம் நான் பிரமிடு கட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தர்ராகோனாவுக்கு வரும்போது சொல்கிறேன்.

மகனுக்குப் பார்சிலோனாவில் வேலை. போன அக்டோபரில் அவனிடம் போயிருந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் ராத்திரி, தெருவுக்குள் ஒரு பழைய கிடங்குபோல இருந்த கட்டடத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கேதான் 'கஸ்தெல்' கட்டுகிறவர்கள் பயிற்சி எடுத்தார்கள். கத்தலான் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கோட்டை என்று பொருள். ஆள்மேல் ஆள் ஏறிக் கட்டுகிற கோட்டை. கத்தலோனியாவில் ஊருக்கு ஊர், பார்சிலோனாவில் பேட்டைக்குப் பேட்டை, இதற்குக் குழுக்கள் இருக்கின்றன. குழுவைக் 'கொல்யா' என்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், கல்லூரி மாணவர்கள், பேத்தியோடு வந்த தாத்தா என்று அந்தக் கிடங்கில் எல்லா வயதும் இருந்தது. என்னிடம் துணியைக் கொடுத்தவர் பல் மருத்துவர். யாருக்கும் சம்பளம் கிடையாது.

மகன் மேலே பார்த்தான். நான் கீழேதான் பார்த்தேன். 'மூன்றில் எட்டு' என்றால் அடுக்குக்கு மூன்று பேராக எட்டு அடுக்கு. ஐந்து அடுக்கில் மூன்று மூன்று பேர், அதற்குமேல் இரண்டு பேர், அவர்கள்மேல் குனிந்த ஒரு பிள்ளை, அவள்மேல் இன்னொரு பிள்ளை. மொத்தம் பத்தொன்பது பேர். இந்தப் பத்தொன்பது பேருக்காகக் கீழே நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நெருக்கி நிற்கிறார்கள். அந்த நெருக்கத்துக்குப் 'பின்யா' என்று பெயர்; பைன் மரத்துக் காயையும் அப்படித்தான் சொல்கிறார்கள். காயின் செதில்கள் நடுத்தண்டைச் சுற்றி அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் புரியும்.

தரையில் நின்று தாங்குகிறவர் 'பாஷ்'. கீழே என்பதுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். அவருடைய இரண்டு அக்குளுக்குள்ளும் குட்டையான இரண்டு பேர் தோள் கொடுத்து நிற்கிறார்கள், அவர்கள் ஊன்றுகோல்கள். அவர் முதுகில் நெஞ்சை ஒட்டி அணைத்து நிற்பவர் முட்டுச்சுவர். மூன்று பாஷ்களுக்கும் நடுவில் இருக்கும் சந்தில், கோபுரம் இறங்கும்வரை வெளியே வர வழியில்லாமல், கைகளை உயர்த்தி நிற்கிறவர் ஊசி. நானாக வைத்த பெயர்கள் இல்லை; அவர்கள் மொழியிலேயே அவை அப்படித்தான் இருக்கின்றன. ஊசிக்கும் ஊன்றுகோலுக்கும் தனித்தனி உடல்வாகு, தனித்தனிப் பயிற்சி. இன்னாருக்கு இன்னார்தான் முட்டுச்சுவர் என்று உயரம் பார்த்துப் பொருத்துகிறார்கள். நானும் உயரத்தைப் பார்த்து இரட்டை சேர்த்தவள்தான். ஆனால் தாங்குகிறவளைத் தாங்க ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பின்யாவில் நிற்பவர்கள் மேலே பார்க்கக் கூடாது. தாடையை நெஞ்சில் பதித்துக் குனிந்துகொள்ளவேண்டும். மேலிருந்து ஆள் விழுந்தால் நிமிர்ந்த கழுத்துதான் முதலில் அடிபடும்; குனிந்த முதுகுகளோ மெத்தையாகிவிடும். ஏறுகிறவர்களுக்குச் செருப்பு கிடையாது. கெண்டைக்காலில் ஒரு மிதி, இடுப்புத் துணியில் ஒரு மிதி, அடுத்து தோள். நட்டெலும்பைக் காக்கிற அதே துணிதான் ஏறுகிறவர்களுக்குப் படி. தோளில் பாதம் வழுக்காமல் இருக்கச் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள்.

அன்று சின்னப் பிள்ளைகளை வலைக்குமேல் ஏற்றி இறக்கினார்கள். தலையில் மெத்தென்ற கவசம். ஏறுவதை ஒருமுறை செய்தால், இறங்குவதை நாலுமுறை செய்யச் சொன்னார் குழுத் தலைவர். காலை எங்கே எடுக்கவேண்டும், எந்தக் கை முதலில் விடவேண்டும் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று மகனிடம் கேட்கத் தேவையே இல்லாமல் எனக்குப் புரிந்தது. மனசுக்குள் என்னவோ பிசைந்தது.

பயிற்சி முடிந்து அங்கேயே இருந்த சின்னக் கடையில் சாப்பிட்டோம். சுட்ட ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவித் தருகிறார்கள். அவ்வளவுதான். தனியாக ஒரு தட்டில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காயும் குடமிளகாயும். மிளகாய் வற்றலும் புளியும் சேர்த்துப் பிசைந்தால் எங்கள் வீட்டுச் சுட்ட கத்தரிக்காய்தான்.

தர்ராகோனா

கடலை ஒட்டியே ரயில் போகிறது. தர்ராகோனாவில் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கம் கடல் பார்த்தபடி கிடக்கிறது. அதற்கு மேலே ஊரின் பெரிய வீதி ஓர் இரும்புக் கிராதியில் வந்து முடிகிறது. அங்கே வருகிறவர்கள் அந்த இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நானும் தொட்டேன். வெயிலில் சுட்டது.

அதே வீதியில்தான் வெண்கலக் கோபுரம் இருக்கிறது. 1999இல் சிற்பி பிரான்செஸ்க் அங்கிளேஸ் செய்தது. 11 மீட்டர் உயரம், 219 உருவங்கள், நாலில் எட்டு. அடியில் நிற்கும் உருவங்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தேன். ஒவ்வொரு கையும் சரியான இடத்தில் இருந்தது. முன்னால் நிற்பவரின் தோள்பட்டையில் விரித்த உள்ளங்கை. முழங்கை மடங்காமல் நீட்டிய கை. உச்சியில் நின்ற பிள்ளை ஒரு கையை உயர்த்தியிருந்தாள். உச்சியில் ஏறும் பிள்ளைக்கு 'அன்ஷனேத்தா' என்று பெயர். அவள் ஒரு பக்கமாக ஏறி, கையை உயர்த்திக் காட்டி, மறுபக்கமாக இறங்கவேண்டும். கை உயர்ந்தால் கோபுரம் ஏற்றியாயிற்று என்று கணக்கு. ஆனால் அத்தனை பேரும் விழாமல் இறங்கினால்தான் அது முழுக்கோபுரம். இரட்டைப்படை வருடங்களில் இதே ஊரில், பழைய காளைச் சண்டை அரங்கில், பெரிய போட்டி நடக்கிறது. அதில் ஏற்றிய கோபுரத்துக்கு ஒரு மதிப்பெண், ஏற்றி இறக்கியதற்கு அதைவிடக் கூடுதல் மதிப்பெண்.

இதைக் கேட்டபோது வெண்கலத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிற்பத்துப் பிள்ளை இறங்கவே போவதில்லை என்பது என்னை என்னவோ செய்தது.

நான் பிரமிடு கட்டுவதை நிறுத்தியதற்குக் காரணம் எங்கள் பள்ளி ஆண்டு விழா ஒன்று. ஐந்து, மூன்று, ஒன்று என்று பிரமிடு. உச்சியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை. ஒல்லி, பயமே கிடையாது. மூன்று வாரம் பயிற்சி கொடுத்திருந்தேன். முதல் விசிலுக்கு அடிவரிசை, இரண்டாவதற்கு நடுவரிசை, மூன்றாவதற்கு உச்சி. பிசகாமல் ஏறினார்கள். அவள் இரண்டு கையையும் விரித்தாள். கூட்டம் கைதட்டியது. யாரோ போட்டோ எடுக்க இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் என்றார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அடிவரிசையில் இடது கோடியில் இருந்தவள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தரையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மேலே இருந்தவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கையில் எலும்பு முறிவு. ஆறு மாதம் கழித்துச் சரியானது. ஆனால் அந்தக் கை இன்றுவரை முழுதாக நீளாது.

கையை எடுத்த பிள்ளையைத்தான் எல்லாரும் திட்டினார்கள். அவள் மேல் தப்பே இல்லை. ஏறுவதற்கு மூன்று விசில் வைத்திருந்த நான், இறங்குவதற்கு ஒன்றுகூட வைக்கவில்லை. "அப்படியே மெதுவா இறங்கிக்கோங்க" என்பதுதான் நான் சொல்லிக் கொடுத்த மொத்தப் பாடம்.

இங்கேயும் விழாமல் இல்லை. 2006இல் மத்தாரோ நகரத்தில் கோபுரம் சரிந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் உச்சிப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் வழக்கமாயிற்று. அவள் வயது 12 என்று மகன் சொன்னான். பிரமிடிலிருந்து விழுந்த என் பள்ளிப் பிள்ளைக்கும் அன்று 12தான்.

வால்ஸ்

தர்ராகோனாவிலிருந்து உள்ளே 20 கிலோமீட்டர் தள்ளி வால்ஸ். ஊருக்கு வெளியே வயல்களில் ஒருவகை வெங்காயம் வளர்ந்துகொண்டிருந்தது. தண்டு வளர வளர மண்ணை அணைத்து அணைத்து வெயில் படாமல் வெள்ளையாக நீள வைக்கிறார்கள். குளிர்காலத்தில் அதைத் தீயில் கருகச் சுட்டு, மேல்தோலை உருவி, பாதாம் அரைத்த சட்னியில் தோய்த்து, அண்ணாந்து வாயில் இறக்குவார்களாம். நாங்கள் போனது அக்டோபர் என்பதால் சட்னி மட்டும் கிடைத்தது. சுட்ட தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், பாதாம். ரொட்டியோடு வழித்துத் தின்றேன்.

கோபுரம் கட்டும் கலை பிறந்தது இந்த ஊரில். வலென்சியப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆட்டத்தின் முடிவில் ஆடுகிறவர்கள் சின்னதாக ஆள்மேல் ஆள் ஏறி நிற்பார்களாம். அந்த முடிவே வளர்ந்து வளர்ந்து ஆட்டத்தை விழுங்கிவிட்டது. 1801இலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. இன்றும் இந்தச் சின்ன ஊரில் இரண்டு குழுக்கள். பழைய குழுவுக்கு ரோஸ் சட்டை, இளையவர் குழுவுக்குச் சிவப்புச் சட்டை. ஆதியில் ஒன்று உழவர்களுடையது, மற்றது கைவினைஞர்களுடையது. எந்தக் குடும்பம் எந்தச் சட்டை என்று ஊருக்கே தெரியும். அக்டோபர் கடைசியில் வரும் புனித உர்சுலா திருநாளில் இரண்டு குழுவும் கோதுமைச் சதுக்கத்தில் நேருக்கு நேர் நிற்கும். கோதுமை விற்ற இடம். நாலு பக்கமும் வீடுகள், பால்கனி நிறையத் தலைகள். 1981இல் இதே திருநாளில், இதே சதுக்கத்தில், ரோஸ் சட்டைக்காரர்கள் நாலில் ஒன்பது கட்டி இறக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்த வருடங்களில்தான் பெண்களும் ஏறத் தொடங்கினார்கள். மேலடுக்குகளின் எடை குறைந்தது, கோபுரங்கள் உயர்ந்தன.

சதுக்கத்தில் இடம் கிடைக்காமல் ஒரு வீட்டு வாசற்படியில் ஒண்டினோம். பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர். காளைக்குத் திமில்போல, கழுத்தும் தோளும் ஒன்றாகத் தடித்திருந்தது. பாஷாக நின்றவர் என்று கேட்காமலே தெரிந்தது. இருபது வருடம் நின்றாராம்.

பின்யா கூடத் தொடங்கியதும் எனக்கு நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் நினைவு வந்தது. வடம் பிடிக்கிறவர்களை ஊரே பார்க்கும். சக்கரத்துக்குக் குறுக்கே முட்டுக்கட்டை போடுகிறவர்களை, அவர்கள் வீட்டார் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள். தேர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது அவர்களால்தான்.

குழல் ஊதினார்கள். 'கிரால்யா' என்று பெயர். மரக்குழல், நுனியில் நம் நாகசுரத்துச் சீவாளிபோல இரட்டை நாணல். குரலும் அந்தச் சாதிதான்: வெட்டவெளிக்கென்று பிறந்த குரல். கூடவே ஒரு சிறிய முரசு. அழகுக்காக வாசிப்பது இல்லை. குனிந்து நிற்கிறவர்களுக்குக் கோபுரம் கண்ணில் தெரியாது. இசை தொடங்கினால் மேலே ஏறுகிறார்கள் என்று அர்த்தம். உச்சியில் கை உயர்ந்ததும் மெட்டு மாறும். அதற்குப் பிறகும் குழல் நிற்காது, ஆட்கள் இறங்குகிற வரைக்கும் கூடவே வரும்.

கோபுரம் எழ எழ, பக்கத்தில் இருந்த பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், இவர் பார்க்கவில்லையே என்று மகனைக் கேட்கச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். நான் நின்ற காலத்தில் ஒரு கோபுரத்தையும் பார்த்ததில்லை, காதாலும் தோளாலும்தான் தெரியும், பார்த்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை என்றார்.

அடுத்து எழுந்த கோபுரம் ஆறாம் அடுக்கில் நடுங்கத் தொடங்கியது. கீழே நின்ற தலைவர் ஒரு சொல் கத்தினார். ஏறிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் பாதியிலேயே நின்று, வந்த வழியே இறங்கினார்கள். அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் நடுக்கத்தோடேயே காத்திருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். உச்சியைத் தொடவில்லை. கணக்கில் அது கோபுரமே ஆகாது. ஆனால் சதுக்கம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. கூட்டத்துக்கு முன்னால் "வேண்டாம், இறங்குங்க" என்று சொல்கிற துணிச்சல் ஒரு பயிற்சியாளருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். வலு, சமநிலை, துணிச்சல், நிதானம் என்று நாலு சொற்களை இவர்கள் மந்திரம்போல வைத்திருக்கிறார்கள். நாலாவதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

விலாஃபிராங்கா

நவம்பர் 1. எல்லாப் புனிதர்கள் திருநாள். செத்துப்போனவர்களை நினைக்கிற நாட்கள் என்பதால் கல்லறைகளுக்குப் பூ கொண்டு போகிறார்கள். தெருமுனையில் இரும்புச் சட்டியில் செஸ்ட்நட் கொட்டை வறுபட்டது. பக்கத்திலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டுக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். கார்த்திகை மாதத்து வாசனை. பாதாம் மாவில் பைன் கொட்டை பதித்த உருண்டைகளும் வாங்கினோம். ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டம். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்துகொண்டிருந்தன. வருடத்தின் பெரிய கோபுரங்கள் பலவும் இந்தக் கடைசி வாரங்களில்தான் எழுகின்றன. இவ்வளவு மாதப் பழக்கம் உடம்பில் ஊறிய பிறகு.

ஊர்ச் சதுக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர்கள். 1948இல் தொடங்கிய குழு. பெரிய கோபுரங்களுக்குப் பார்க்க வந்தவர்களையும் பின்யாவில் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஒரு பச்சைச் சட்டைப் பெண் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். மகன் பதறிப்போனான். "அம்மாவுக்கு அறுபத்தொண்ணு" என்று அவர்கள் மொழியில் சொல்லியிருப்பான் போல. அந்தப் பெண் சிரித்து, என்னைவிட மூத்த ஓர் அம்மாளைச் சுட்டிக்காட்டினார்.

வெளிவட்டத்தில் நின்றேன். கைக்கடிகாரத்தையும் கண்ணாடியையும் மகனிடம் கொடுத்தேன். எனக்கு முன்னால் கல்லூரி வயதுப் பையன். அவன் தோள்பட்டைகளில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தேன். என் தோள்பட்டைகளில் யாருடைய கைகளோ வந்து பதிந்தன. பெரிய, சூடான கைகள். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். நான் பார்த்ததெல்லாம் பையனுடைய குதிகாலும் ஒரு சிகரெட் துண்டும்தான்.

குழல் தொடங்கியது. பாரம் மேலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். பக்கவாட்டில்தான் வந்தது. நடுவில் இருந்து ஓர் அலை கிளம்பி, பையனுடைய முதுகு வழியாக என் மணிக்கட்டுக்கு வந்து, முழங்கைக்கு ஏறியது. நான் பின்னால் சாயவில்லை. என் முதுகில் இருந்த கைகள் சாயவிடவில்லை. அடுக்குக்கு ஒன்றாக அலைகளை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை, ஒரே நடுக்கமாக ஆகிவிட்டது. யாரோ மூச்சை அடக்குவது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. மெட்டு மாறியது. சதுக்கம் முழுக்க ஓவென்று கத்தியது.

அந்தச் சத்தத்தில் என் கைகள் ஒரு நொடி பழைய மைதானத்துக்குப் போய்விட்டன. அதே நொடியில் பின்னால் இருந்த கைகள் முன்னைவிட அழுத்தமாக அழுத்தின. நானும் பையனை முன்னைவிட அழுத்தினேன். அவனும் தனக்கு முன்னால் இருந்தவரை அழுத்தியிருக்க வேண்டும். குதிகால் தரையில் இறுகப் பதிந்தது.

மேலே யாரோ இறங்குகிறார்கள். அலை திரும்பி வருகிறது, இந்த முறை சின்னச் சின்னதாக. தலைகளுக்கு மேலே ஏதோ நகர்ந்து வந்தது. என் வலது தோள்பட்டையில் ஒரு சின்னப் பாதம் பதிந்தது. வெறுங்கால், வேர்வையில் ஈரம், இருபது கிலோகூட இருக்காது. நட்டெலும்பை விட்டு நாலு விரற்கடை தள்ளி, எலும்பின் தட்டையான இடத்தில், யாரோ பல நாள் சொல்லிக் கொடுத்த இடத்தில். ஒரு நொடி நின்று அடுத்த தோளுக்குப் போனது.

குழல் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.